வலிக்குக் கரண்டு வைப்பது: எந்த நரம்பு, எவ்வளவு, எவ்வளவு நேரம்?

பல்லடம்_பிசியோ:
எல்லாருக்கும் வணக்கமுங்க. சோமனூர், பல்லடம் வட்டாரத்துல பிசியோதெரபிக்கு வர்ற நாள்பட்ட வலிக்காரங்கள்ல மூணு வகையினருக்குத்தான் வழி சொல்றது சிரமமா இருக்குதுங்க. முழங்காலுக்குக் கீழ கால் எடுத்தவங்களுக்கு ஸ்டம்ப் (எடுத்தது போக மிச்சமிருக்கற கால்) வலி, இல்லாத பாதத்துல எரிச்சல். பக்கவாதம் வந்தவங்களுக்குத் தோள்வலி. சர்க்கரைக்காரங்களுக்குப் பாத எரிச்சல். யாரு வந்தாலும் இருவது நிமிசம் ஐஎஃப்டி (ரெண்டு கரண்டு குறுக்கப் பாயற மிஷின்) வெச்சு அனுப்பறதுதான் பல எடத்துலயும் வழக்கமா இருக்குது. டென்ஸ் (தோல்மேல பேடு ஒட்டிக் கரண்டு கொடுக்கறது), ஊசி வழியாக் கொடுக்கறது, உள்ள லீட் (மெல்லிய மின்கம்பி) வெக்கறது, இதுல யாருக்கு எது? எத்தனை ஹெர்ட்ஸ், எங்க வெக்கறது, எங்க கெட்டுப்போகுது? எண்ணோட சொன்னீங்கன்னா எல்லாருக்கும் உதவுமுங்க.

கோவை_வலிமருத்துவம்:
இந்த மூன்று பேருக்கும் ஒரே சிகிச்சை பலிக்காது. எந்த மிஷின் என்பது கடைசிக் கேள்வி. எந்த நரம்பு வலியைச் சுமந்து வருகிறது, அந்த நரம்பு தண்டுவடத்தோடு இன்னும் இணைந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டி இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது, வலி மட்டுப்படுகிறது. தொடுதலைக் கொண்டுபோகும் பருத்த ஏ-பீட்டா இழைகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுவரும் மெல்லிய ஏ-டெல்டா, சி இழைகளின் சேதி தண்டுவடத்தின் பின்கொம்பிலேயே (உணர்ச்சிச் சேதி வந்து சேரும் பின்பகுதி) அடக்கப்படுகிறது. 1965-இல் மெல்சாக், வால் இருவரும் வெளியிட்ட வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதுதான். 1967-இல் வால், ஸ்வீட் இருவரும் தங்கள் முகத்தின் கண்கீழ் நரம்பிலேயே மின்முனை வைத்துச் சோதித்து, பிறகு நோயாளிகளின் புற நரம்புகளில் செய்து காட்டினார்கள்.

பருத்த இழை குறைந்த மின்னோட்டத்திலேயே தூண்டப்படும், மெல்லிய இழைக்கு அதிகம் வேண்டும். துடிப்பின் அகலம் 50 முதல் 100 மைக்ரோ வினாடிக்குள் இருந்தால் இந்த இரண்டு அளவுக்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைக்கும். அகலத்தை 300-க்குக் கொண்டுபோனால் இடைவெளி சுருங்கி, சுருக்கென்று குத்த ஆரம்பிக்கும். ‘கரண்டு வைத்தால் குத்துகிறது’ என்று நோயாளி சொன்னால் மின்னோட்டத்தைக் குறைப்பதற்கு முன் அகலத்தைப் பாருங்கள்.

தோல்மேல் வைப்பது, ஊசியால் கொடுப்பது, மெல்லிய லீட் செலுத்துவது மூன்றுக்கும் தத்துவம் இதுவே. நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம், தோலின் எரிச்சலை எந்த அளவு தவிர்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

பெருந்துறை_மூத்தபிசியோ:
டாக்டர் சொன்னதோட டென்ஸ் அளவைச் சேர்த்துக்கறனுங்க. வழக்கமான முறைக்கு 80 முதல் 120 ஹெர்ட்ஸ், அகலம் 50 முதல் 100 மைக்ரோ வினாடி. மின்னோட்டம் ‘நல்லா பலமா இருக்குது, ஆனா வலிக்கல’ங்கற அளவு. தசை துள்ளக்கூடாது. மெதுவான முறைக்கு 2 முதல் 4 ஹெர்ட்ஸ், 150 முதல் 250 மைக்ரோ வினாடி, தசை கண்ணுக்குத் தெரியத் துள்ளணும், 20 முதல் 30 நிமிசம் போதும்.

பெரும்பாலும் தோத்துப்போறது மின்னோட்டத்துலதான். ‘லேசாத் தெரியுதா, சரி’ன்னு விட்டுட்டு அடுத்த படுக்கைக்குப் போயிடறாங்க. அஞ்சு நிமிசத்துல தோலுக்கு அது பழகிப்போயிரும், அப்புறம் வெச்சும் ஒண்ணுதான், வெக்காததும் ஒண்ணுதான். பழகப் பழக ஏத்திக்கிட்டே போகணும். ஏத்தறதுக்கு நோயாளி கையிலயே சக்கரத்தக் கொடுத்துப் பழக்கறதுதான் நல்லது.

இன்னொண்ணு கேக்காம விடக்கூடாது: டிரமடால் மாதிரி ஓப்பியாய்டு வகை வலி மாத்திரை ரொம்ப நாளாச் சாப்பிடறாங்களா? மெதுவான முறை, அந்த மாத்திரை வேலை செய்யற அதே மியூ ஓப்பியாய்டு வழியாத்தான் வேலை செய்யுது. அந்த வழி மாத்திரைக்கு ஏற்கெனவே மரத்துப்போயிருந்தா பலன் குறையும். அவங்களுக்கு வேகமான 100 ஹெர்ட்ஸ்தான் பொருத்தம். தினமும் ஒரே அலைவெண்ல வெச்சாலும் உடம்பு மரத்துப்போகும். விலங்கு ஆய்வுகள்ல நாலஞ்சு நாள்லயே அது தெரிஞ்சது. அதனால 4-ம் 100-ம் மாத்தி மாத்தி வெக்கறது நல்லதுங்க.

சேலம்_எலும்பியல்:
ஒரு மறுப்பு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் இடுப்பு வலிக்கு டென்ஸ், ஊசி வழித் தூண்டல், ஐஎஃப்டி எதுவும் வேண்டாம் என்றது. 2021-இல் நாள்பட்ட முதன்மை வலிக்கும் டென்ஸ், ஐஎஃப்டி வேண்டாம் என்றே எழுதியது. டென்ஸ் ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வந்த கோக்ரேன் தொகுப்பும் உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை என்றுதான் முடித்தது. இவற்றைச் சொல்லாமல் எண்களை மட்டும் கொடுப்பது நோயாளிக்கு நியாயமில்லை.

பெருந்துறை_மூத்தபிசியோ:
ஒத்துக்கறனுங்க சார், இதை ஒளிக்கக்கூடாது. ஆனா அந்தத் தொகுப்புகள்ல சேர்ந்த பல ஆய்வுகள்ல மின்னோட்டம் போதாது, இல்லைன்னா வலியைச் சும்மா படுத்திருக்கறப்ப அளந்திருக்காங்க. டென்ஸ் பெரும்பாலும் அசையறப்ப வர்ற வலியத்தான் குறைக்குது. அமெரிக்காவுல ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நாள்பட்ட வலி) இருக்கற பெண்கள்கிட்ட நடந்த ஃபாஸ்ட் ஆய்வு, 2020-ல வெளியானது, பலமான அளவு வெச்சு அசைவு வலிய அளந்துச்சு. பொய்க்கருவிய விட அதுல வலி குறைஞ்சிருந்தது. அதனால நாம அளக்கறதும் நடந்துபார்த்து, கையத் தூக்கிப்பார்த்து, பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டு எழுதணும். கழட்டினதுக்கு அப்புறம் பலன் ரொம்ப நேரம் நிக்காதுன்னும் முன்னாடியே சொல்லிரணும். அப்படிச் சொல்லாமப் பத்து நாளைக்குக் காசு வாங்கறது தப்பு.

சேலம்_எலும்பியல்:
அசைவில் அளப்பது சரியான வழி, ஏற்கிறேன். மூன்று முறை சரியான அளவில் வைத்தும் இரண்டு புள்ளி கூடக் குறையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு_பயோமெட்:
மருத்துவம் பேசறவங்களுக்கு நடுவுல மின்முனை பத்தி எழுதறேன். பாதிப் புகார் அங்கதான் வருது.

5-க்கு 5 சென்டிமீட்டர் ஒட்டும் பேடு 25 சதுர சென்டிமீட்டர். 50 மில்லி ஆம்பியர், 100 ஹெர்ட்ஸ், இரு பக்கமும் 100 மைக்ரோ வினாடி ஓடற துடிப்புக்கு ஆர்எம்எஸ் கணக்கு (விட்டு விட்டு ஓடறத தொடர்ந்து ஓடற அளவா மாத்தின கணக்கு) ஏறக்குறைய 7 மில்லி ஆம்பியர். 25-ஆல வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 0.28. பாதுகாப்புத் தரம் எச்சரிக்கற அளவு 2. நிறைய இடமிருக்குன்னு தோணும். ஆனா பேடு ஓரம் தூக்கி, 3 சதுர சென்டிமீட்டர் மட்டும் ஒட்டியிருந்தா அதே மின்னோட்டம் 2.3-க்குப் போயிரும். குத்தல், சிவப்பு, சில சமயம் கொப்புளம், எல்லாம் இதனாலதான். நோயாளி ‘எறும்பு கடிக்குது’ன்னா மிஷினக் குறைக்கறதுக்கு முன்னாடி பேடைத் தொட்டுப் பாருங்க.

தைலமோ தேங்காய் எண்ணெயோ தடவின தோல்ல பேடு ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவி, முழுசா ஈரம் போகத் துடைச்சு ஒட்டணும். முடியக் கத்தரியால வெட்டுங்க, உடனடியாச் சிரைச்சு ஒட்டினா எரியும். ஒரு ஜோடி பேடு 20, 30 தடவைக்கு மேல நல்லா இருக்காது. சித்திரை வெயில்ல அதுக்கும் முன்னாடியே போயிரும். ஒருத்தர் பேடை இன்னொருத்தருக்கு வெக்கவே கூடாது.

கார்பன் ரப்பர் மின்முனை வெச்சிருக்கறவங்க அல்ட்ராசவுண்ட் ஜெல்லத் தடவறத நிறுத்தணும். அது ஒலி போறதுக்காகச் செஞ்சது, மின்சாரம் நல்லாப் போகாது. பஞ்சு நனைக்கற முறையா இருந்தா ஆர்ஓ தண்ணி வேண்டாம். உப்பு இல்லாத தண்ணியில மின்சாரம் சரியாப் போகாது. நம்ம பக்கத்து போர்த் தண்ணி இதுக்குத் தாராளமாப் போதும். சிறுவாணித் தண்ணியா இருந்தா ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கலாம். உப்புத் தண்ணியில நனைச்ச பஞ்ச அப்பப்ப அலசிக் காயவெக்காட்டி வெள்ளையாப் படிஞ்சு ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் போகும்.

மிஷினச் சோதிக்க 1 கிலோ ஓம் மின்தடை ஒண்ணு, ஆஸிலோஸ்கோப் (மின் அலையத் திரையில காட்டற கருவி) ஒண்ணு போதும். 50 மில்லி ஆம்பியர்னு காட்டினா குறுக்க 50 வோல்ட் உச்சி வரணும். அலையோட மேல் பக்கப் பரப்பும் கீழ் பக்கப் பரப்பும் சமமா இருக்கணும். சமமில்லைன்னா மிச்சம் நேர்மின்னோட்டமாத் தோலுக்குப் போகும், ரசாயனப் புண் வரும். வயர் உள்ள அறுந்திருக்கறது பெரும்பாலும் பின் சேர்ற எடத்துல. மல்டிமீட்டர் வெச்சுக்கிட்டே வயர அசைச்சுப் பாருங்க. பெட்டியில மருத்துவக் கருவி விதிகள் 2017-ன்படி உரிம எண் இருக்கான்னும் பாருங்க. ஹெர்ட்ஸும் அகலமும் காட்டாம ‘மோட் 1, மோட் 2’ன்னு மட்டும் போட்ட மசாஜ் பேடு எதுக்கும் ஆகாது.

பல்லடம்_பிசியோ:
அண்ணா, அந்தத் தண்ணி விசயம் ரொம்ப உபயோகமுங்க. டாக்டர், ஸ்டம்ப் வலிக்கு முறையா எப்படிப் போறது?

கோவை_வலிமருத்துவம்:
முதலில் நரம்பு அல்லாத காரணங்களை விலக்குங்கள். செயற்கைக் காலின் குழி அழுத்துகிறதா, எலும்பு முனை துருத்துகிறதா, உள்ளே சீழ் இருக்கிறதா, ரத்த ஓட்டம் போதுமா. இவற்றில் ஒன்று இருக்கும்போது கரண்டு வைப்பது நோயை மறைக்கும்.

பிறகு ஸ்டம்பை விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு புள்ளியில் தட்டும்போது இல்லாத விரலுக்கு ஷாக் ஓடினால் அங்கே நரம்புக் கணு (அறுபட்ட நரம்பு முனையில் வளர்ந்த முடிச்சு) இருக்கிறது. பேனாவால் குறியுங்கள். அந்தக் கணுவின் மேலேயே பேடை வைத்தால் வலி ஏறும். அதற்கு மேலே, நரம்பின் பாதையில் வைக்க வேண்டும். பெரோனியல் நரம்புக்கு ஃபிபுலா தலைக்குப் (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பு முனை) பின்புறம், டிபியல் நரம்புக்கு முழங்கால் குழி, தேவைப்பட்டால் தொடையின் பின்பக்கம் சயாட்டிக் பாதை. 100 ஹெர்ட்ஸ் கொடுக்கும்போது இல்லாத பாதத்தில் கிறுகிறுப்பு பரவுவதாக நோயாளி சொன்னால் இடம் சரி. தொடையில் மட்டும் தெரிந்தால் நகர்த்துங்கள். ஸ்டம்பைத் தொடவே முடியாதவருக்கு நல்ல காலில் அதே இடத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு.

டென்ஸால் ஓரளவு குறைந்து நிற்காமல் போனால், அல்லது தோல் தாங்கவில்லை என்றால் அடுத்த படி. அல்ட்ராசவுண்ட் பார்த்து, சந்தேகப்படும் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தான லிடோகெயின் 2 அல்லது 3 மில்லி மட்டும். 20 நிமிடம் கழித்து நடக்கவைத்து வலியைக் கேட்க வேண்டும். பாதிக்கு மேல் குறைந்தால் அந்த நரம்புதான். இந்த இடத்தில் பலர் 10 மில்லி போட்டுவிடுகிறார்கள். மருந்து பக்கத்து நரம்புக்கும் பரவிவிடும், எந்த நரம்பு என்பதே தெரியாமல் போகும்.

அதன்பின் லீட். தோல் வழியாகச் செலுத்தும் சுருள் லீட் நரம்பை ஒட்டி இருக்க வேண்டியதில்லை, அரை சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலே பருத்த இழைகள் மட்டும் தூண்டப்படும். 60 நாள் வைத்து எடுத்துவிடும் கருவிக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கால் எடுத்தவர்களுக்குத் தொடை நரம்பிலும் சயாட்டிக்கிலும் லீட் வைத்தார்கள். முதல் நான்கு வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 12 பேரில் 7 பேர், பொய்த்தூண்டல் பெற்ற 14 பேரில் 2 பேர். சிறிய ஆய்வுதான், ஆனாலும் எதிர்க்குழு வைத்துச் செய்தது. நிரந்தரமாகப் பதிக்கும் கருவியாக இருந்தால், முதலில் தற்காலிக லீட் வைத்துச் சில நாள் பார்த்து, பாதிக்கு மேல் குறைந்தவருக்கே பதிக்கிறோம்.

நாமக்கல்_செவிலியர்:
லீட் வெளியே வரும் இடத்தைப் பார்த்துக்கொள்வது எங்கள் பாடு, அதனால் சொல்கிறேன். ஊடுருவித் தெரியும் டிரெஸிங் போட வேண்டும். வயரை ஒரு வளையம் சுற்றி ஒட்டிவிட்டால் சட்டையோ சேலையோ மாட்டி இழுத்தாலும் இழுப்பு லீடுக்குப் போகாது. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கிணற்றிலும் வாய்க்காலிலும் இறங்கிக் குளிப்பது லீட் எடுத்து ஆறும் வரை கூடாது. நம் ஊரில் இதைத் தனியாக, வீட்டில் இருப்பவர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிவப்பு தெரிந்தால் பேனாவால் எல்லை வரைந்து வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்கக் கூடாது. எடுக்கும்போது மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும், வெட்டக் கூடாது. எடுத்தபின் நுனி முழுதாக வந்ததா என்று நீளம் அளந்து எழுதுங்கள். சுருள் லீட் சில சமயம் உள்ளே முறிந்து துண்டு தங்கும். அது அட்டையில் எழுதப்படாவிட்டால் பின்னால் எம்ஆர்ஐ எடுப்பவருக்குத் தெரியாது. வைப்பதற்கு முன் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை அளவு இரண்டையும் கேட்காமல் தேதி கொடுக்கக் கூடாது.

பல்லடம்_பிசியோ:
நன்றிங்க சிஸ்டர். தோளுக்கு?

கோவை_வலிமருத்துவம்:
பக்கவாதத் தோளில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பிரித்துப் பாருங்கள். தோள் இறங்கி, தசை தளர்ந்தவருக்கு வலி அடக்குவதை விடத் தசையை வேலை வாங்குவது முக்கியம். சுப்ராஸ்பைனேட்டஸ், பின் டெல்டாய்டு என்ற இரண்டு தோள் தசைகளின் மேலும் பேடு, 30 முதல் 35 ஹெர்ட்ஸ், 200 முதல் 300 மைக்ரோ வினாடி, இறங்கிய மேற்கை எலும்பு மேலேறி உட்காருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழுத்துக்கு அருகே பேடு போனால் கழுத்துத் தசையான டிரபீஸியஸ் தூக்கித் தோள்பட்டை காதுக்கு ஏறும், அது தவறான இடம். டெல்டாய்டுக்குப் போகும் ஆக்ஸிலரி நரம்புக் கிளைகளுக்கு லீட் வைத்த ஆய்வுகளில் 12 ஹெர்ட்ஸில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 3 வாரம் கொடுத்தார்கள்.

தோள் இறங்காமல், இறுகி, இரவில் குடைகிறவருக்கு சுப்ராஸ்கேப்புலர் நரம்புதான் பெரும்பாலும் காரணம். தோள் மூட்டின் உணர்ச்சியில் பெரும்பகுதி அதன் வழியேதான் போகிறது. தோள்பட்டை எலும்பின் முள்ளுக்கு மேலே உள்ள குழியில் ஒரு பேடு, கையின் வெளிப்பக்கம் டெல்டாய்டு முடியும் இடத்தில் ஒன்று, 100 ஹெர்ட்ஸ்.

பெருந்துறை_மூத்தபிசியோ:
சர்க்கரைப் பாதத்துக்கு நான் சொல்லிர்றனுங்க. 10 கிராம் நைலான் இழையால தொட்டுப் பாத்து, குண்டூசி முனையும் மழுங்கலும் பிரிச்சுத் தெரியுதான்னு கேட்டு, உணர்ச்சி இல்லாத எடத்துல பேடே வெக்கக்கூடாது. சுட்டாலும் அவங்களுக்குத் தெரியாது. உணர்ச்சி இருக்கற கெண்டைக்கால்ல, இல்ல உள்கணுக்காலுக்குப் பின்னால டிபியல் பாதையில வெக்கலாம். அதுக்கும் முன்னாடி மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) சாப்பிடறவங்களுக்கு வைட்டமின் பி12 பாத்தாச்சான்னு கேளுங்க. பாதி எரிச்சல் அதுலயே போற ஆளுங்க உண்டு. இங்க லீட் பத்தி யோசிக்கவே அவசரமில்ல. எரிச்சல் ஒரு நரம்போட எல்லைக்குள்ள நிக்கறது இல்லீங்களே.

காங்கேயம்_எம்பிடி:
பைக் விபத்துல கை முழுசாச் செயலிழந்து, கையில தீ வெச்ச மாதிரி எரியறவங்க நம்ம நெடுஞ்சாலை ஓரத்து ஊர்கள்ல நிறைய. அவங்களுக்கு கையில ஓடற மீடியன் நரம்புல வெச்சா?

கோவை_வலிமருத்துவம்:
நரம்பு வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தால் பலிக்காது. கையில் கொடுக்கும் தூண்டல் தண்டுவடம் போய்ச் சேரவே வழியில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது: அதே பக்கம் இமை இறங்கி, கண்மணி சிறுத்திருக்கிறதா பாருங்கள். நரம்புக் கடத்தல் சோதனையில், கை மரத்திருந்தும் உணர்ச்சி நரம்பின் அலை மட்டும் இயல்பாக வந்தால் சேதம் உணர்ச்சி நரம்பின் செல்கள் இருக்கும் முடிச்சுக்கு (கேங்லியான்) மேலே, வேரில். இவர்களை மாதக்கணக்கில் டென்ஸில் வைத்திருக்காமல் பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) அறுவை செய்யும் குழுவுக்கு அனுப்புங்கள். நரம்பைச் சீராக்கும் அறுவைக்குக் காலக்கெடு உண்டு, தாமதித்தால் தசை செத்துவிடும். வலி மட்டும் தீராமல் நின்றால் பின்கொம்பு நுழைவாயில் அறுவை என்று ஒன்று இருக்கிறது.

பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்களின் கை மரப்பும் இப்படித்தான். மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருந்தால் விடுவிக்க வேண்டும். கரண்டு வைத்து வலியை அடக்கிக்கொண்டே போனால் கட்டைவிரல் மேடு கரைந்துவிடும்.

ஈரோடு_பயோமெட்:
மிக முக்கியமானது ஒண்ணு விட்டுப்போச்சு. உடம்புக்குள்ள எந்தத் தூண்டல் கருவியோ லீடோ இருந்தாலும், அணைச்சு வெச்சிருந்தாலும், ஷார்ட்வேவ் டயாதெர்மி (ரேடியோ அலையால உள்ள சூடு கொடுக்கற மிஷின்) கொடுக்கவே கூடாது. மைக்ரோவேவும் கூடாது, லீட் பக்கம் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் கூடாது. லீட் ஆன்டெனா மாதிரி சக்தியை வாங்கி நுனியில திசுவைச் சுட்டுரும். மூளையில கருவி வெச்சவங்களுக்கு டயாதெர்மி கொடுத்து உயிர் போனதுக்கு அப்புறம் 2002-ல அமெரிக்க மருந்து, கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பொது எச்சரிக்கையே விட்டுச்சு. டென்ஸ், ஐஎஃப்டி நடக்கற படுக்கைக்கு ஒரு மீட்டர் பக்கத்துல டயாதெர்மி ஓடினாலும் வெளியீடு தடுமாறும், திடீர்னு ஏறும். அறை பிரிச்சு வையுங்க.

பல்லடம்_பிசியோ:
அப்ப டயாதெர்மி அறை வாசல்லயே ‘உடம்புல ஏதாவது கருவி இருக்குதா’ன்னு தமிழ்ல எழுதி ஒட்டிர்றமுங்க. பேஸ்மேக்கர், கழுத்து முன்பக்கம், கர்ப்பிணி வயிறு, புற்றுநோய் எடம், கால் ரத்தக்குழாய் அடைப்பு, இந்த வழக்கமான தடைகளையும் சேத்துக்கலாமுங்களா?

பெருந்துறை_மூத்தபிசியோ:
சேருங்க. நெஞ்சுக்குக் குறுக்க ஒரு பேடு முன்னாலயும் ஒரு பேடு பின்னாலயும் வெக்கக்கூடாதுன்னும் எழுதுங்க.

காங்கேயம்_எம்பிடி:
அசைவுலதான் பலன்னு சொன்னீங்க. அப்ப தறி ஓட்டறப்ப டென்ஸ் மாட்டிக்கிட்டு இருக்கச் சொல்லலாமுங்களா?

பெருந்துறை_மூத்தபிசியோ:
வேண்டாமுங்க. பேடு நழுவி சுருக்குன்னு அடிச்சா கை தானா இழுக்கும், தறிக்கிட்ட அது ஆபத்து. வண்டி ஓட்டறப்பவும் மரமேறறப்பவும் அதேதான். நடக்கறது, பாத்திரம் கழுவறது, களை எடுக்கறது, உக்காந்து காய் ஆயறது, இதுக்கெல்லாம் மாட்டிக்கலாம். வேலைக்குப் பத்து நிமிசம் முன்னாடி போட்டு, அளவு ஏத்தி, வயர இடுப்புல சொருகிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. களை எடுக்கறப்ப வேர்வையில பேடு தூக்கினா அணைச்சுட்டுத்தான் திருப்பி ஒட்டணும், ஓடறப்பவே அழுத்தி ஒட்டக்கூடாது.